மெத்தைத் துணியில் திரை தைத்தவள்

ஆளுக்குத் துணி தைக்கிறவர்களுக்கு உடம்பு அளவு ஒன்றுதான் தலைவலி. வீட்டுக்குத் துணி தைக்கிறவர்களுக்கோ கதவு, ஜன்னல், காற்று, வெயில், விருந்தாளி, சம்பந்தி என்று தலைவலி ஏழெட்டு. ஜன்னல் வாயைத் திறந்து "இங்கே பிடிக்கிறது" என்று சொல்லாது. அதற்குப் பதிலாக அந்த வீட்டுக்கு வருகிறவர், போகிறவர் எல்லோரும் சொல்வார்கள். தையல் மிஷினை மிதித்துப் பிழைத்தவர்கள் இதைப் படித்தால் பாதியிலேயே தலையை ஆட்டிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். ராமநாதபுரம் கடைவீதியில் எங்களுக்கு ஒரு மெத்தைக் கடை இருந்தது. வில்லால் பஞ்சடிப்பதும் மெத்தை தைப்பதும் என் வீட்டுக்காரர் வேலை. உறைகளும் ஜன்னல் திரைகளும் என் மிஷினில் நடக்கும். பெண்கள் இருக்கிற உள்கட்டுக்குள் ஆண் தையல்காரர் போய் அளவெடுக்க முடியாத வீடுகள் இந்தக் கடற்கரையில் நிறைய உண்டு. அங்கெல்லாம் டேப்பும் கையுமாக நான்தான் போவேன். "தையக்காரம்மா வந்துட்டாக" என்று குரல் கேட்டால் எனக்கு அரை அங்குலம் உயரம் கூடிவிடும். கர்வம்தான், மறைப்பானேன்.

பத்துக் கட்டு

மெத்தை உறைத் துணி உங்களுக்குத் தெரியும். வெள்ளையில் நீலக் கோடு, இல்லாவிட்டால் சிவப்புக் கோடு. பஞ்சு பிதுங்காதபடி கெட்டியான நெசவு. அதே கோட்டை மெல்லிசாக நெய்தால் ஆண்கள் போடுகிற பட்டாபட்டி டவுசர். ஆக, அந்தக் கோட்டுக்கு இந்த உலகத்தில் இரண்டே இடம்தான். ஒன்று விரிப்புக்கு அடியில், மற்றது வேட்டிக்கு அடியில்.

ஒரு நாள் மேற்கு வெயில் கடைக்குள் அடிக்கிறது என்று மிச்சம் கிடந்த மெத்தைத் துணி ஒன்றை வாசலில் கட்டினேன். வெயில் அதில் வடிகட்டி வந்து தரையெல்லாம் நீலக் கோடாக விழுந்தது. கடையே குளிர்ந்துவிட்டது. இத்தனை அழகை இத்தனை காலமும் பஞ்சுக்குக் காவல் வைத்திருந்தோமே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அந்த வாரமே பரமக்குடிப் பக்கத்தில் எங்களுக்குத் துணி நெய்து தருகிறவரிடம் போய், நாலு விரல் நீலம், ஒரு விரல் வெள்ளை, சாயம் போகவே கூடாது என்று சொல்லிப் பத்துக் கட்டு நெய்யச் சொன்னேன். வீட்டுக்காரரிடம் துணி வந்து இறங்கிய பிறகுதான் சொன்னேன்.

அவர் துணியைத் தடவிப் பார்த்தார். மெத்தைக்கு இது மெல்லிசு என்று அவருடைய விரலுக்குத் தெரிந்துவிட்டது. கோபப்படாமல், பஞ்சு படிந்த புருவத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஒரு கெடு வைத்தார். "தீபாவளி வரைக்கும் பாக்குறேன் புள்ள. அதுக்குள்ள ஒருத்தராவது வாங்கிட்டுப் போயி, நல்லாருக்கு, இன்னும் வேணும்னு கேட்டு வரணும். வரலேன்னா மிச்சம் அம்புட்டையும் டவுசரு தச்சுச் சந்தையில போட்டுருவேன்."

சிக்கலில் ஒரு தலையணை

முதல் திரையைச் சிக்கல் என்கிற ஊரில் ஒரு பெரிய விவசாய வீட்டுக்குத் தைத்தேன். அந்த வீட்டு அம்மாவுக்குக் கோடு பிடித்துப்போயிற்று. நாலு ஜன்னலுக்கும் தைத்து, கம்பி நுழைக்க மேலே நீளமாகக் குழல் மாதிரி மடித்து, இஸ்திரி போட்டு, பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன். போய் மாட்டிவிட்டு வந்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

பொட்டலம் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா வீட்டில் இல்லை. கமுதியிலிருந்து வந்திருந்த அவருடைய நாத்தனார்தான் பிரித்திருக்கிறார். கெட்டிக்காரி, சும்மா உட்கார மாட்டார். மெத்தைக் கடையிலிருந்து வந்திருக்கிறது, கோடு போட்ட துணி, ஒரு பக்கம் குழல். அவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. பரணில் கிடந்த இலவம்பஞ்சை இறக்கி, குச்சி வைத்துக் குத்திக் குத்தி, நாலு குழலையும் நிரப்பி, இரண்டு முனையையும் தைத்தே விட்டார். ஒரு பகல் முழுக்க வேலை.

நான் போனபோது கட்டிலில் நாலு நீளத் தலையணைகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் நாலடித் துணி தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பஞ்சை எடுத்துவிட்டு மாட்டிக் காட்டினேன். வீட்டு அம்மாவுக்கு மகா சந்தோஷம். ஆனால் இன்னும் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, அந்த வீட்டில் இருந்ததே நாலு ஜன்னல்தான். நாத்தனார் மட்டும் என்னைத் தனியாக அழைத்து, மனசு கேட்காமல் கேட்டார்: "கோவிச்சுக்காத தாயி, ஊருல இல்லாத வழக்கமா நீ ஏன் தலகாணிக்குப் பாவாட தச்ச?"

ஈரக்கால் யாத்ரீகர்கள்

ராமேஸ்வரத்தில் ஒரு சத்திரம். யாத்ரீகர்கள் தங்குகிற அறைகளுக்குக் கதவுத் திரை வேண்டும் என்று மேனேஜர் சொல்லியனுப்பினார். எட்டு அறை. நான் குதித்துக்கொண்டு ரயில் ஏறினேன். சத்திரத்துக்கு எல்லா ஊர் ஆட்களும் வருவார்கள். அத்தனை பேர் கண்ணிலும் படும். தீபாவளிக்குள் எட்டுப் பேராவது கேட்டு வருவார்கள் என்று மனக்கணக்குப் போட்டேன்.

நான் கணக்கில் எடுக்காதது இருபத்திரண்டு தீர்த்தம். ஒவ்வொரு கிணறாக வாளித் தண்ணீரைத் தலையில் வாங்கிக்கொண்டு, கடைசிக் கிணறு முடிந்து, சொட்டச் சொட்ட அறைக்கு வருகிற ஆள் கண்ணுக்கு முதலில் படுவது என்ன? வாசலில் தொங்குகிற, சுத்தமான, உலர்ந்த, நல்ல பருத்தித் துணி. குடும்பம் குடும்பமாக என் திரையில் தலை துவட்டிவிட்டுத்தான் உள்ளேயே போயிருக்கிறார்கள். ஒரு பெரியவர், மாற்று வேட்டி பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது என்று திரையைக் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டு சுவாமி தரிசனமே பண்ணிவிட்டு வந்து, பொறுப்பாக மறுபடி மாட்டியும் இருக்கிறார்.

விஷயம் தெரிந்து வெட்கத்தோடு பார்க்கப் போனேன். எட்டுத் திரையும் நாளெல்லாம் நனைந்து காய்ந்துகொண்டிருந்தன. ஆனால் பரமக்குடிச் சாயம் ஒரு சொட்டு இறங்கவில்லை. நீலம் நீலமாகவே இருந்தது, வெள்ளையில் ஒரு கறை இல்லை. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை அவமானத்திலும் பெருமையாகத்தான் இருந்தது. மேனேஜர் அடுத்த முறை மூங்கில் தட்டி போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, கையைக் கூப்பியபடி சொன்னார்: "எங்க சத்திரத்துல மட்டும் இருபத்திமூணு தீர்த்தம்மா. கடைசித் தீர்த்தம் உங்க திரை."

கூரை உயர்ந்த கதை

கடலாடியில் ஒரு அதிகாரி வீடு. ஓட்டுக் கூரை தலையில் இடிக்கிற மாதிரி தாழ்வு. அதிகாரியின் மனைவி மதராஸிலிருந்து வந்தவர். அந்தக் கூரையைப் பார்க்கும்போதெல்லாம் மூச்சு முட்டுகிறது என்று அழாத குறை. கோடு நெட்டுக்குத்தாக நின்றால் சுவர் உயரமாகத் தெரியும், இதை நான் என் கடை வாசலிலேயே கண்டுபிடித்திருந்தேன். ஜன்னலுக்கு மேலே கூரை தொடுகிற இடத்தில் கம்பி அடிக்கச் சொல்லி, அங்கிருந்து தரைக்குச் சாண் மேலே வரை நீளமாகத் தொங்கவிட்டேன். அறையே நிமிர்ந்து நின்றது. அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து மேலே பார்த்துப் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுக்குக் கூலியே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். சொல்லவில்லை.

பக்கத்து வீடுகளுக்கும் சொல்கிறேன் என்றார். சொல்வதற்குள் அதிகாரிக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, திரைகளையும் மடித்து எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டார்கள். போவதற்கு முன் மேலதிகாரி ஒருவர் அந்த வீட்டில் சாப்பிட வந்தாராம். திரை போடுவதற்கு முன்பே அந்த வீட்டைப் பார்த்தவர். கூடத்தில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் கேட்டதை டவாலி சேவகர் வந்து எனக்கு அப்படியே சொன்னார்: "ஏம்ப்பா, கூரையை உசத்தியிருக்கியே, யார்கிட்ட சாங்ஷன் வாங்குன?"

பாம்பனில் ஒரு பாய்மரம்

பாம்பனில் செசிலி என்று ஒரு பெண். புருஷன் அந்தோணி வத்தை என்கிற பாய்மரப் படகில் மீன் பிடிக்கிறவர். புதிதாக ஓட்டு வீடு கட்டியிருந்தார்கள். கடலைப் பார்த்து ஒரே ஒரு பெரிய ஜன்னல். அதற்குத் திரை போட வேண்டும் என்பது செசிலியின் ஆசை. பாம்பன் காற்றைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அடுத்து நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. நான் மாட்டிய திரை ஒரு நாள்கூடச் சுவரோடு நிற்கவில்லை, நடு வீட்டில் பறந்தது, குழம்புச் சட்டிக்குள் விழுந்தது. செசிலியே ஒரு வழி சொன்னாள். பழைய வலையிலிருந்து ஈயக்குண்டுகளைக் கழற்றிக் கொடுத்தாள். அதைக் கீழ் மடிப்பில் வரிசையாக வைத்துத் தைத்தேன். திரை கம்பீரமாக நின்றது.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். ஜன்னல் மொட்டையாக இருந்தது. அந்தோணியின் படகுப் பாய் காற்றில் கிழிந்துவிட்டதாம். கெட்டித் துணியாக வேறு எதுவும் கைக்கு அகப்படாமல் திரையைக் கழற்றி ஒட்டுப் போட்டுவிட்டார்களாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஜன்னலுக்கென்று பார்த்துப் பார்த்துத் தைத்தது. இன்னும் வேண்டும் என்று கேட்க வேண்டிய வாய், இருந்ததையும் கழற்றிவிட்டதே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

செசிலி என் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போனாள். படகுகள் திரும்புகிற நேரம். தூரத்தில் இருபது முப்பது பாய், எல்லாம் ஒரே பழுப்பு. அதற்கு நடுவில் ஒன்றே ஒன்றில் நீலக் கோடு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கடலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "முன்னெல்லாம் கிட்ட வந்து எறங்குற வரைக்கும் நெஞ்சு அடிச்சுக்கிட்டே கெடக்கும் அக்கா. இப்ப அங்கன ஒன் கோடு தெரிஞ்சதும் ஒலையில அரிசியப் போட்டுருவேன்."

அறை பார்க்கும் நாள்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. எல்லோரும் மெச்சினார்கள், ஒருவரும் திரும்பி வரவில்லை. தைத்துச் சந்தையில் போட நாள் வேண்டுமே என்று வீட்டுக்காரர் ஒரு கட்டை டவுசருக்கு வெட்டவும் தொடங்கிவிட்டார். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கீழக்கரையிலிருந்து எங்கள் பழைய வாடிக்கைக்காரரான ஆமினாக்கா ஆள் அனுப்பினார்.

அங்கே மரைக்காயர் வீடுகளில் கல்யாணம் ஆனால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் அவருக்கென்று ஓர் அறையை ஜோடிப்பார்கள். கல்யாணத்துக்கு முன் ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து அந்த அறையைப் பார்ப்பார்கள். அவர்கள் வாயில் நல்ல வார்த்தை வந்தால்தான் பெண்ணைப் பெற்றவளுக்குத் தூக்கம். ஆமினாக்காவின் மூத்த மகளுக்குக் கல்யாணம். கொழும்பில் கடை வைத்திருந்த தம்பி பட்டுத் திரை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். பட்டு வரவில்லை, கல்யாணத்துக்குப் பிறகுதான் வரும் என்று கடிதம் வந்தது. எங்கள் கடையில் வாங்கிய மெத்தையின் விரிப்பை எடுத்தபோது அக்கா கோட்டைப் பார்த்திருக்கிறார். "உள்ள கெடக்குற துணி என் பொடவையவிட லெச்சணமா இருக்கு தங்கச்சி. இதுலயே தச்சுரு" என்றார். என் நீலத் துணியை விரித்துக் காட்டினேன். பெண்கள் அத்தனை பேரும் கையால் தடவினார்கள்.

அறைக் கதவு, நாலு ஜன்னல், கூடத்துக்கும் உள்கட்டுக்கும் நடுவே பெரிய வாசல். மிச்சமிருந்த துணி அத்தனையும் அதற்குச் சரியாக இருந்தது. தைத்து எடுத்துப்போய் மாட்டினேன். நானே எட்டி நின்று பார்த்து மகிழ்ந்துபோனேன். ஆமினாக்கா கூடத்துப் பாயில் போய் உட்கார்ந்தார். பிறகு என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. நடு வாசல் திரைக்குக் கீழே, உள்ளே நிற்கிற பெண்களின் பாதங்கள் வரிசையாகத் தெரிந்தன.

தரையில் புரண்டால் அழுக்காகும் என்று சாண் தூக்கித் தைப்பது என் பழக்கம். நாற்காலி போட்ட வீடுகளில் அது சரி. இங்கே ஆண்கள் பாயில் அமர்ந்து பேசுகிற கூடம். அவர்கள் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. இத்தனை வருஷம் உள்கட்டுக்குள் போய் வந்தவள், போயும் போயும் இதில் கோட்டை விட்டேன். அக்கா என்னைத் திட்டவில்லை. "நாளன்னைக்குச் சாயங்காலம் அசர் தொழுகைக்கப்புறம் அவுக வாராக தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

கடைக்கு வந்து விழுந்தேன். முழுத் துணி ஒரு முழம்கூட மிச்சமில்லை. இருந்ததெல்லாம் டவுசருக்கு வெட்டிப் போட்ட கால்கள்தான். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். எழுந்து போய், வெட்டி அடுக்கிய கட்டைக் கொண்டுவந்து என் மிஷின் மேல் வைத்தார். "டவுசரு எங்கயும் ஓடிறாது. மொதல்ல அந்தப் பொண்ணு வீட்டு மானத்தப் பாப்போம்" என்றார். அந்த மனுஷனை அன்றைக்குத்தான் நான் முழுசாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கெடு வைத்தவரே ஊசியில் நூல் கோத்தார்.

கால் துண்டுகளை நெட்டுவாக்கில் வைத்தால் ஒட்டு ஏகப்பட்டது வரும். படுக்க வைத்துச் சாண் அகலத்தில் வெட்டி ஒன்றோடு ஒன்று சேர்த்தோம். அப்படி வைத்தால் கோடு குறுக்கே ஓடும், வேறு வழியில்லை. மேலே நெட்டுக் கோடு, கீழே குறுக்குக் கோடு. ஒட்டுகளை மடிப்புக்குள் மறைத்து, எல்லாத் திரைக்கும் ஒரே மாதிரி கரை வைத்தேன். மறுநாள் காலையில் மாட்டிவிட்டு, ஆமினாக்காவிடம் மட்டும் அந்தக் கரை எதற்கு வெட்டிய துணி என்று காதோடு சொன்னேன். புதுத் துணி, யாரும் உடுத்தாதது என்றாலும் அவருக்குச் சொல்லாமல் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்து, "மாட்டு, மாட்டு" என்று கையைக் காட்டினார்.

அதற்கடுத்த நாள் மாப்பிள்ளையைப் பெற்ற உம்மா வந்தார். குறை கண்டுபிடிப்பதில் ஊரில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று ஏற்கெனவே என் காதில் போட்டிருந்தார்கள். கட்டிலைப் பார்த்தார், பேசவில்லை. கண்ணாடி பீரோவைப் பார்த்தார், பேசவில்லை. கூடத்துக்கு வந்து பாயில் உட்கார்ந்தார். அவருடைய கண் நேரே திரையின் கீழ்க் கரைக்குப் போயிற்று. தவழ்கிற மாதிரி முன்னால் நகர்ந்து, அந்தக் கரையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, திருப்பிப் பார்த்தார். நான் கதவோரம் நின்று சேலை முனையைத் திருகிக்கொண்டிருந்தேன். ஆமினாக்கா என் பக்கமே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் கெட்டோம்.

அந்த அம்மா கரையைக் கீழே விட்டார். நீவிச் சரி செய்தார். "இதத் தச்சது யாரு?" என்று கேட்டார். என்னைக் காட்டினார்கள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கூடமே கேட்கும்படி சொன்னார்: "மாஷா அல்லா, எல்லா வீட்லயும் பட்டத் தொங்க விட்டு வேர்த்து ஒழுகுறாக, இது கண்ணுக்கும் மேலுக்கும் குளுமையா இருக்கு. எங்க வீட்டுக்கும் என் தங்கச்சிமாரு மூணு பேரு வீட்டுக்கும் வேணும், நாளைக்கே அளவெடுக்க வந்துருங்க. கீழ இருக்குதே இந்தக் குறுக்குக் கோட்டுக் கரை, அது மட்டும் இல்லாம வந்துறாதீக."

தொழில் தெரிந்தவள் என்று பெயரெடுக்க இந்த உலகத்தில் எத்தனையோ வழி இருக்க, எனக்கு வாய்த்தது ஒரு சாண் குறைத்துத் தைத்ததுதான்.